பெயரை மறைத்த பிள்ளை

இனி நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடப்பதுதான் என் வேலையாக இருந்தது என்றேன். "அதனாலதான் சொல்றேன்," என்றார். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. பகலில் ஒரு மாதிரி சமாளித்துக்கொள்கிறேன். படி ஏற முடிவதில்லை.

போன மாதம், நான் இருந்த பிள்ளைகள் விடுதியில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் சிங்கப்பூரில் படித்துத் தேறியவர்கள். விடுதிக்கு இப்போது ஒரு மோட்டார் கார் இருக்கிறது, டெலிபோன் வந்துவிட்டது. "இதெல்லாம் இல்லாம, தெருவுல கிடந்த பிள்ளைங்களோட வீட்டை எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"நடந்துதான்," என்றேன்.

சிரித்தார்கள். மேலே ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அன்றைக்கு எனக்குப் பேசத் தெம்பில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். என் கணவர் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தார். காய்ச்சலில் அவர் போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. பிள்ளை இல்லை. கப்பலேறி ஊருக்குத் திரும்பிப் போனால் அண்ணன் வீட்டில் ஒரு மூலைதான். சபையில், தோட்டங்களுக்குப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்ட எழுத்துத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். முதல் சில வருஷங்கள் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போனேன். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள், மீதிப் பேர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டார்கள். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

பிறகு ஆசீர்வாதம் ஐயர் வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். உயரமான, மெலிந்த மனிதர். தாழ்ந்த குரல். பிரசங்க மேடையிலும் அதே குரல்தான். பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் கேட்காது. ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையிலும் பாசார் மேசைகளுக்கு அடியிலும் பிள்ளைகள் படுத்துக் கிடப்பதை அவர் வந்த முதல் வாரமே பார்த்துவிட்டார். நான் அத்தனை வருஷமும் அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டைச் சுத்தம் செய்து, அந்தப் பிள்ளைகளை அழைத்து வந்து கஞ்சி ஊற்றினார். "இதை வீடுன்னு நினைக்காதீங்க, எஸ்தர். வீட்டுக்குப் போற வழியில தங்கிட்டுப் போற சத்திரம். பிள்ளையோட வீட்டைத் தேடுறதுதான் நம்ம வேலை," என்றார்.

வேலை முறைகளை அவர்தான் ஏற்படுத்தினார். வந்த அன்றைக்குப் பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. சாப்பாடு, குளியல், தூக்கம். மறுநாள் தலையில் பேன் பார்க்கிற சாக்கில் கை கால்களைப் பார்க்க வேண்டும். ரப்பர் எடுக்கிற பால்மரத் தோட்டத்துப் பிள்ளையின் விரல் இடுக்கில் காய்ந்த பால் கறுத்துப் போயிருக்கும், கணுக்காலில் அட்டை கடித்த தழும்பு இருக்கும். ஈயச் சுரங்கப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாதம் வெளுத்து வெடித்திருக்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு. "உன் வீடு எங்கே?" என்று கேட்டுப் பயனில்லை, எந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது. வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடுகிற பெயர் வேறொன்று. சடக்கு என்கிற பெருஞ்சாலையில் மைல்கல்லை எண்ணி "ஏழாங்கட்டை" என்பார்கள். ஏழாங்கட்டை எல்லாச் சடக்கிலும் உண்டு. ஆகவே, "காலையில எழுந்ததும் என்ன சத்தம் கேக்கும்? அம்மா தண்ணி எங்க எடுப்பாங்க? கோயில்ல என்ன சாமி?" என்று மெல்ல மெல்லக் கேட்போம். ஆட்களை வேலைக்குக் கூட்டுகிற பெரட்டு மணி, ஆற்றங்கரை, முனியாண்டி என்று ஒவ்வொன்றாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்வார். லயத்தில் யார் வீட்டு வாசலுக்குப் போனாலும், வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். எந்தச் சாதிக்காரர் வீடானாலும் கேட்க வேண்டும், கொடுத்ததைக் குடிக்க வேண்டும். "தண்ணி கொடுத்த கையால பொய் சொல்றது கஷ்டம், எஸ்தர்." ஐயர் தண்ணீர் குடிப்பதே ஒரு அழகு. குடையைச் சுவரில் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, செம்பை இரண்டு கையாலும் வாங்குவார். முழுவதையும் குடித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

பெற்றவர்கள் கிடைக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே மாட்டார். வேறு பெயர் வைக்கவும் விடமாட்டார். சபையின் மேலிடத்தில் இதற்காக அவரைக் கடிந்துகொண்டார்கள். "அந்தப் பேரை வச்சுத்தானே தாய் தேடி வருவா?" என்று மட்டும் சொன்னார்.

ஒரு விதி மட்டும் அடிபட்டுக் கற்றது. ஆரம்ப நாட்களில் செந்தூல் பக்கத்துப் பையன் ஒருவனின் வீட்டைக் கண்டுபிடித்து, சந்தோஷத்தில் அவனையும் கையோடு கூட்டிப் போனோம். தாய்க்கு மறுமணம் ஆகியிருந்தது. அந்த ஆள் வாசலில் நின்று, "இந்த வீட்டுல இவன் இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். உள்ளே தாய் நிற்பது பலகை இடுக்கில் தெரிந்தது. பையன் அழவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் ஐயர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு முதல் தடவை போகும்போது நாங்கள் எந்தப் பிள்ளையையும் கூட்டிப் போனதில்லை.

ரப்பர் விலை விழுந்த காலத்துக்கு வருகிறேன். தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களுக்குப் பாதி நாள்தான் வேலை. குடும்பம் குடும்பமாகச் சடக்கில் நடந்து போனார்கள். எங்கள் பலகை வீட்டில் படுக்க இடமில்லாமல் பிள்ளைகளைக் கோயிலுக்குள்ளேயே படுக்க வைத்தோம்.

ஒரு நாள் காலையில் கேட்டைத் திறந்தபோது ஒரு பெண்பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது, பத்து வயது இருக்கும். பழைய பாவாடை, ஆனால் துவைத்தது. தலை வாரி, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. தெருவில் அலைகிற பிள்ளைக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் உள்ளே இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டு அழ, இவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பெயர் லெச்சுமி என்றாள். அப்பா அம்மாவோடு நடந்து வரும்போது வழி தவறிவிட்டதாகச் சொன்னாள். வீடு பூச்சோங் பக்கம், ஏழாங்கட்டை.

போனேன். வெயிலில் நடந்து, ஒவ்வொரு லயமாக விசாரித்தேன். பிள்ளை தொலைந்த வீடு அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தபோது, அந்தப் பிள்ளை ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே கொண்டுவந்தாள்.

பிறகு செர்டாங் பக்கம் என்றாள். அங்கேயும் போனேன். திரும்பி வந்தபோது வெந்நீர் காத்திருந்தது. பிறகு, தோட்டமே இல்லை, தென்னந்தோப்பு, கடல் பக்கம் என்றாள். மூன்றாவது தடவை நான் வந்து உட்கார்ந்ததும், என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே குனிந்து அழுதாள். "வலிக்குதா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி நான் தேற்றினேன்.

ஒரு விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. பாயில் எழுந்து உட்கார்ந்தவள் கூரையைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னைக்கு மரம் வெட்டு இல்ல. அம்மா வீட்டுல இருப்பாங்க," என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மரம் வெட்டு என்றால் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, மழையில் அந்த வேலை நிற்பது பால்மரத் தோட்டத்தில்தான். தென்னந்தோப்பில் அப்படி நிற்காது. இந்தப் பிள்ளைக்கு வழி தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே மறைக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. ஐயரிடம் சொன்னேன். "அடிக்குப் பயந்து மறைக்கிறாளோ என்னவோ, அவசரப்படாதீங்க," என்றார்.

அறுப்பின் பண்டிகைக்குக் கிள்ளான் சபைக்குப் பிள்ளைகளை ரயிலில் கூட்டிப் போனோம். அங்கே இறங்கி ஆற்றுப் பாலத்தை நடந்து கடக்கும்போது எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, இது எங்க தோட்டத்து மாரிமுத்து மகளாச்சே! இங்க என்ன பண்ணுது?"

அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இவரைத் தெரியாது."

"எந்தத் தோட்டம் அண்ணே?"

"காப்பார் சடக்குல, ஒம்பதாங்கட்டை. நான் அங்க சாமான் ஏத்துற ஆளு. இந்தப் புள்ளைய ஊருக்கு அவங்க பாட்டிகிட்ட அனுப்பிட்டதா சொன்னாங்களே?"

ரயிலில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது, "அங்க போகாதீங்க அத்தை. அங்க யாரும் இல்ல," என்றாள்.

நான் தனியாகப் போனேன். பால் வெட்டு முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பியிருந்த நேரம். மாரிமுத்து வீடு கடைசியில் இருந்தது. வாசலில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கை அரிந்துகொண்டிருந்தாள். மடியில் கைப்பிள்ளை, பக்கத்தில் இன்னொரு சின்னது. உள்ளே ஒரு பையன் சாக்கில் படுத்து இருமிக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் நான் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதே மோவாய், அதே நேர்ப் பார்வை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

"தண்ணி இல்ல."

அவளுக்குப் பின்னால் குடம் விளிம்பு வரை நிறைந்து ஈரமாக நின்றது.

"பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து வரேன். அங்க எங்க விடுதியில..."

"எனக்கு மூணு பிள்ளைங்கதான்."

"நான் இன்னும் உங்ககிட்ட ஒன்னும் கேக்கலையேம்மா."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "மூணுதான். தோட்டத்துல பேர் எழுதுற கிராணிகிட்ட வேணும்னாலும் கேளுங்க. அவர்கிட்டயும் மூணுன்னுதான் சொல்லியிருக்கோம். போங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து நடந்தேன். மரங்களுக்கு நடுவே பாதி தூரம் வந்திருப்பேன், பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா."

"ரெண்டு வேளையுமா?"

"மூணு வேளை கொடுக்கிறோம். காலையில கஞ்சிதான்."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் பெயரைத் தோட்டத்தில் வெட்டிவிட்டார்கள். இவளுக்கு மட்டும் பாதி நாள் வேலை. பெரிய பையனுக்கு இளைப்பு. அவனை யாரிடமும் விட முடியாது. மற்ற இரண்டும் விவரம் தெரியாதவை.

"இவ ஒருத்திதான் தனியா நிக்கத் தெரிஞ்சவ அக்கா. கெட்டிக்காரி. அதான் இவளை விட்டேன். கிள்ளான்ல ஒரு அம்மா உங்க இடத்தைப் பத்திச் சொன்னாங்க. கேட் பக்கத்துல உக்கார வச்சுட்டு எதிர் மரத்துக்குப் பின்னால நின்னேன். நீங்க வந்து கையப் புடிச்சீங்க. நீங்க புடிச்ச விதத்தைப் பாத்துட்டுத்தான் போனேன்." கைப்பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பேரைச் சொன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவாங்கன்னு சொல்லி வச்சேன். சொல்லிட்டாளா?"

"அவ ஒரு வார்த்தை சொல்லலம்மா. வண்டிக்காரர் பாத்துட்டார். எங்களுக்கு அவ லெச்சுமிதான். அவ நிஜப் பேரு என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். "அது உங்களுக்கு வேண்டாம் அக்கா. தெரியாமலே இருக்கட்டும்."

நான் திரும்பியபோது வெந்நீர் வாளி வாசலில் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். சுற்றிலும் பிள்ளைகள் இல்லாததை உறுதி செய்துகொண்டு கேட்டாள்: "நான் சொல்லலன்னு அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"நம்புனாங்க."

தலையசைத்துவிட்டு, என் காலை எடுத்து வாளியில் வைத்தாள்.

ஐயருக்கு மனசு சரியில்லாவிட்டால் முற்றத்தைப் பெருக்குவார். நான் சொல்லி முடித்ததும் துடைப்பத்தை எடுத்தார். கோயில் முற்றம், பலகை வீட்டு வாசல், கேட் வரைக்கும் பெருக்கினார். குப்பையைக் குழியில் கொட்டிவிட்டு வந்து, "வீடு தெரிஞ்சா பிள்ளையைக் கொண்டுபோய் விடணும். இதுதானே நாம வச்ச விதி?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"வீட்டுல சோறே இல்லாத ஒரு காலம் வரும்னு அப்போ நான் நினைக்கல." துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "இருக்கட்டும். தாய் எங்க இருக்கான்னு நமக்குத் தெரியும், பிள்ளை எங்க இருக்குன்னு தாய்க்குத் தெரியும். இப்போதைக்கு இது போதும்."

வீடு தெரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு வீடு தெரியாத பிள்ளைக்கு இடமில்லை என்கிறீர்களே என்று மேலிடத்தில் கேட்டார்கள். அவர் தன் அறையைக் காலி செய்து அங்கே நாலு பாய் விரித்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வரிசையாக ஆராதனைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம், கடை ஓரமாக, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்தத் தாய் நின்றாள். காப்பாரிலிருந்து எப்படி வந்தாளோ. நான் பார்ப்பதற்கு முன்பே பிள்ளை பார்த்துவிட்டாள் என்பது அவள் நடையில் தெரிந்தது. கழுத்து விறைத்து, கண் நேரே முன்னால். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கோயிலுக்குள் போய் உட்கார்ந்த பிறகு அவள் கைகளை என் பக்கம் நீட்டினாள். பாட்டுப் பாடி முடியும் வரை அந்தக் கைகளை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது தாய் போய்விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து மாட்டுவண்டிக்காரர் எங்களைத் தேடி வந்தார். "ஒம்பதாங்கட்டையில பாதி லயத்தைக் காலி பண்ணிட்டாங்க. மாரிமுத்து குடும்பத்தைத் துறைமுகத்து முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க அக்கா. இன்னைக்கே கப்பல்."

முதலில் நாங்கள் மட்டும் போய்ப் பேசி, பிறகு பிள்ளையைக் கொண்டு போக நேரமில்லை. ஐயர் முற்றத்தைப் பெருக்கவும் இல்லை. நேரே அவளிடம் போய், முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"உங்க அப்பா அம்மாவை ஊருக்குக் கப்பல்ல அனுப்புறாங்கம்மா. நாம இப்போ பாக்கப் போறோம். உன்னையும் கூட்டிட்டுப் போவாங்களா, மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய். வரியா?"

"வரேன்," என்றாள்.

துறைமுகத்து முகாம் நீளமான கொட்டகைகள். மூட்டையும் பாத்திரமும் பிள்ளையுமாக ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிமுத்து எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, மகளைத் தொடாமல், ஐயரைத் தனியே அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். ஊர்ல எங்களுக்கு ஒரு கையளவு நிலம் இல்ல. அங்கேயும் மழை இல்லன்னு சொல்றாங்க. இந்தப் புள்ளையாவது இங்கேயே இருக்கட்டும். உங்ககிட்ட இருந்தா உசுரோட இருக்கும்."

ஐயர் பதில் சொல்வதற்குள் தாய் வந்துவிட்டாள். புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். "காப்பார்ல இருந்தா நடந்தாவது போய்ப் பாத்துக்கலாம்னுதான் அங்க விட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் போயிட்டு எப்படிப் பாக்கிறது? விட்டுட்டு வர மாட்டேன்."

"அங்க போய் என்னத்தைக் கொடுப்ப?"

"தெரியாது."

மாரிமுத்து தலையில் கை வைத்துக் குந்திவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, அவள் சொன்னதிலும் தப்பில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

தாய் கேட்டபடி, பிள்ளையின் பெயரையும் பதிவில் சேர்க்கச் சொல்லப் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி. குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் என்று தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நாலாவது பிள்ளை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மிஷன்காரர்கள் தங்களுக்குப் பாரமான பிள்ளையை யார் தலையிலோ கட்டுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஐயர் நடந்ததைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மரியாதை குறைவாக ஒன்றும் பேசவில்லை. பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார்.

கிராணி தாயைப் பார்த்தார். "மூணு பிள்ளைன்னு நீயே சொல்லியிருக்க. இப்போ நாலுன்னு சொல்ற. எதை நம்புறது?"

"இவ என் மக. மூத்தவ. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

அதிகாரி பிள்ளையைக் கை காட்டினார். கிராணி அவளிடம் குனிந்து, தாயைக் காட்டி, "இது யாரு? உன் பேரு என்ன?" என்றார்.

கிராணி திரும்பக் கேட்டார். அவள் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, கிராணியின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் பார்த்த அதே விறைத்த கழுத்து. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவளுக்காகப் பேச எனக்கு வாய்வரை வந்துவிட்டது, ஐயர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

தாய் மண்டியிட்டு மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள். "சொல்லு கண்ணு. இனிமே சொல்லலாம். அம்மாதான் சொல்றேன், சொல்லிடு."

பிள்ளை தாயின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உண்மையாகத்தான் சொல்கிறாளா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"என் பேரு வீராயி. அப்பா பேரு மாரிமுத்து. அம்மா பேரு பொன்னாயி. காப்பார் சடக்கு ஒம்பதாங்கட்டை, கடைசி லயம், கடைசி வீடு. தம்பி பேரு சின்னச்சாமி, அவனுக்கு இளைப்பு. தங்கச்சி பேரு முத்தம்மா. சின்னதுக்கு நான் இருக்கும்போது பேரு வைக்கல." அங்கே நிறுத்தினாள். தாயைப் பார்த்து, "என்னம்மா பேரு வச்சீங்க?" என்றாள்.

கிராணி மொழிபெயர்க்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி நின்றார். அதிகாரிக்கு அவசியமும் இருக்கவில்லை போலும். பேனாவை எடுத்து எழுதினார்.

அத்தனை மாதங்கள் என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் தூங்கிய பிள்ளையின் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர்கள் கப்பலுக்குக் கொண்டுபோகிற படகில் ஏறுவதற்கு முன் ஐயர் மாரிமுத்துவின் முன்னால் போய் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை தாகமாகவே இருந்திருக்கலாம். மாரிமுத்து கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். ஐயர் இரண்டு கையாலும் வாங்கி, முழுவதையும் குடித்தார். வீராயி தம்பியின் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு படகுக்குப் போனாள். கூட்டத்தில் அவள் தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

ரயிலில் நாங்கள் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். பெட்டாலிங் பக்கம் வரும்போது ஐயர், "சரியான காரியம்தானா பண்ணினோம், எஸ்தர்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா."

"எனக்கும் தெரியல," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை.

அவர்களைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களிடம் ஐயர் சாகும் வரையில் விசாரித்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து, பொன்னாயி என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

துறைமுகத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் விடுதிக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். லெச்சுமி எங்கே என்று கேட்டார்கள். "அவ பேரு வீராயி. அவ அம்மாகூடப் போயிட்டா," என்றேன். பெரிய பிள்ளைகள் கலைந்து போனார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் போகவில்லை. செந்தூல் பாசாரில் கிடைத்தவள். தன் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது.

"எங்க அம்மாவ எப்போ அத்தை கண்டுபிடிப்பீங்க?"

"நாளைக்குப் போய்ப் பாக்கிறேன்," என்றேன்.

மறுநாள் காலையில் கஞ்சி ஊற்றிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.